யானைத் துப்பாக்கிக் கணக்கு

இணையத்தில் அடிக்கடி சுற்றி வரும் ஒரு வகை வீடியோ உண்டு. ஒருவர் தடித்த ரைஃபிள் ஒன்றைத் தோளில் வைத்துச் சுடுகிறார், அடுத்த நொடி அது கையை விட்டு நழுவித் தலைக்கு மேல் பறக்கிறது, ஆள் இரண்டடி பின்னால் போய்த் தடுமாறுகிறார், சுற்றி நிற்பவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். பெரும்பாலும் அது .577 டைரனோசர் என்ற தோட்டாவாக இருக்கும். 1993இல் அமெரிக்காவின் ஏ-ஸ்கொயர் நிறுவனம் ஆப்பிரிக்க வேட்டை வழிகாட்டிகளுக்காக உருவாக்கியது. பார்ப்பவர்கள் "என்ன பவர்!" என்கிறார்கள். எனக்கு அந்தக் காட்சியில் தெரிவது வேறு. பத்துப் பதினைந்து மீட்டரில் பாய்ந்து வரும் யானையையோ காட்டெருமையையோ நிறுத்துவதற்குத்தான் அப்படி ஒரு துப்பாக்கி. முதல் குண்டு கொஞ்சம் விலகினால் உடனே இரண்டாவது குண்டு வேண்டும். துப்பாக்கியே கையில் இல்லாதவருக்கு இரண்டாவது குண்டு ஏது?

எந்தத் துப்பாக்கி பலமானது என்ற கேள்விக்குக் காலிபர் எண்ணை, அதாவது குழலின் உள்விட்டத்தைச் சொல்லும் எண்ணைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. குண்டு எவ்வளவு ஆழம் போகிறது, எந்த இடத்தில் போகிறது, சுடுபவரால் அதை எத்தனை முறை தாங்க முடிகிறது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பலம். யானைத் துப்பாக்கிகளின் நூற்றைம்பது வருடக் கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும், ஏனென்றால் அங்கே தப்புக் கணக்குப் போட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை.

முதலில் பெயர் விவகாரம். "பன்னிரண்டு போர்" இரட்டைக்குழல் துப்பாக்கியை நம் ஊரில் பலரும் பார்த்திருப்பார்கள், வங்கி வாசலில் காவலர் தோளில் தொங்குவது பெரும்பாலும் அதுதான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுதான் அந்தக் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மி.மீ. எட்டு உருண்டை என்றால் எட்டு போர், சுமார் 21 மி.மீ. நாலே உருண்டை என்றால் நாலு போர்: ஒவ்வொரு உருண்டையும் கால் பவுண்டு, அதாவது 113 கிராம், விட்டம் 26.7 மி.மீ. ஒரு நல்ல நெல்லிக்காய் அளவு ஈயம். எண் குறையக் குறையக் குழல் பெருக்கும், அதனால்தான் புதிதாகக் கேட்பவர்கள் குழம்புகிறார்கள்.

அங்குலத்தில் காலிபர் சொல்வது அப்புறம் வந்த வழக்கம். அதையும் அப்படியே நம்பக்கூடாது. .470 என்ற தோட்டாவின் குண்டு .475 அங்குலம். .44 மேக்னம் உண்மையில் .429. ரிக்பி கம்பெனி .275 என்று விற்றது ஜெர்மானிய 7 மி.மீ. மவுசர் தோட்டாவேதான், அதன் குண்டு .284 அங்குலம். குழலை அளப்பதா குண்டை அளப்பதா என்ற குழப்பம் பாதி, விற்பனைக்காக வைத்த பெயர் பாதி. இந்த .275ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையின் நாயகன் அதுதான்.

அந்தக் காலத்தில் ஏன் நெல்லிக்காய் அளவு குண்டு தேவைப்பட்டது? கருமருந்து என்ற பழைய வெடிமருந்துதான் காரணம். கருமருந்தை எவ்வளவு கொட்டினாலும் கனமான குண்டின் வேகம் விநாடிக்கு 400, 450 மீட்டர் பக்கத்தில் போய் நின்றுவிடும், அதற்கு மேல் போடும் மருந்து பெரும்பாலும் புகையாகவும் தோளைப் பின்னால் தள்ளும் உதையாகவும்தான் போகும். வேகத்தைக் கூட்ட முடியாதபோது பலத்தைக் கூட்ட ஒரே வழி எடையைக் கூட்டுவது. எடையைக் கூட்ட, உருண்டைக் குண்டைப் பெரிதாக்க வேண்டும், குழலைப் பெரிதாக்க வேண்டும், உதையைத் தாங்கத் துப்பாக்கியையும் கனமாக்க வேண்டும். நாலு போர் ஒரு வீம்புக்குப் பிறந்தது இல்லை, அன்றைய வேதியியல் தள்ளிய இடம் அது.

சாமுவேல் பேக்கர் 1840களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறியவர். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன அதே பேக்கர்தான். பயிரை அழிக்கிறது என்று யானைத் தலைக்கு அரசே பணம் கொடுத்த காலம் அது, எத்தனை யானைகள் அப்படிப் போயின என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. பேக்கரிடம் பிரிஸ்டலின் கிப்ஸ் செய்து கொடுத்த ஒரு நாலு அவுன்ஸ் ரைஃபிள் இருந்தது. எடை 21 பவுண்டு, ஒன்பதரைக் கிலோ. ஒரு முறை சுட 16 டிராம் மருந்து, ஏறக்குறைய 28 கிராம். பின்னாளில் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது இன்னும் பெரிதாக லண்டனின் ஹாலந்து கம்பெனியிடம் ஒன்று செய்து வாங்கினார், அதற்குக் "குழந்தை" என்று பெயர். அரை பவுண்டு வெடிகுண்டைச் சுடும் துப்பாக்கி அது. சுட்டால் ஆளைக் காற்றாடி போலச் சுழற்றிவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார். பேக்கர் ஆஜானுபாகு, உடல் வலிமைக்குப் பெயர் போனவர், அவரே அந்தத் துப்பாக்கிக்குப் பயந்து அதை அபூர்வமாகத்தான் எடுத்தார். சுட்டபோதெல்லாம் யானை விழுந்தது என்பதும் உண்மை. ஆனால் எடுக்கவே பயப்படும் ஆயுதத்தை எப்படிப் பயனுள்ளது என்பது?

இன்னொரு சங்கதியும் இதில் இருக்கிறது. ஒன்பது கிலோ துப்பாக்கியை வெயிலில் நாள் முழுக்கச் சுமந்தது பெரும்பாலும் பேக்கர் இல்லை. கூடவே ஓடிய உள்ளூர் ஆட்கள் சுமந்தார்கள், யானை திரும்பும் நேரத்தில் ஓடாமல் நின்று அதை அவர் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெரிய துப்பாக்கிகளின் நடைமுறை என்பது அடுத்தவன் தோளில் நின்றது. அவர்களுடைய பெயர்கள் எந்தத் துப்பாக்கிக் கதையிலும் முன்னால் வருவதில்லை, வர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

நாலு போரின் உண்மையான விலையைச் சொன்னவர் ஃபிரெடரிக் செலூ. 1871இல் பத்தொன்பது வயதில் தென்னாப்பிரிக்காவில் இறங்கியவர், கையில் காசு அதிகம் இல்லை. பர்மிங்காமில் செய்த மலிவான வாய்வழி நிரப்பும் நாலு போர் துப்பாக்கிகளை வாங்கினார், ஒவ்வொன்றும் பன்னிரண்டரை பவுண்டுதான், ஆறு கிலோகூட இல்லை. அதாவது பேக்கரின் துப்பாக்கியில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஆனால் குண்டு அதே நாலு அவுன்ஸ். அவர் நிரப்பிய விதத்தைக் கவனியுங்கள்: இடுப்பில் ஒரு தோல் பையில் மருந்து தளர்வாகக் கிடக்கும், ஓடிக்கொண்டே கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் குழலுக்குள் கொட்டுவார். ஒரு பிடி என்பது ஏறக்குறைய 20 டிராம், 35 கிராம். ஒரு பிடி கொஞ்சம் கூடும், ஒரு பிடி குறையும். பிறகு உருண்டையைத் தள்ளி, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகத் தொப்பியைச் செருகி, மறுபடி ஓட வேண்டும்.

என் கணக்கில் அந்தத் துப்பாக்கியின் உதை 200 ஜூலுக்குக் குறைந்திருக்க வாய்ப்பில்லை. சாதாரண ராணுவ ரைஃபிளின் உதை 20, 25 ஜூல்தான். ஒரு தடவை வெடிக்காமல் போன துப்பாக்கியில் தெரியாமல் இன்னொரு தடவையும் மருந்தும் குண்டும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர் விசையை இழுத்ததும் துப்பாக்கி தோளுக்கு மேல் பறந்து போய் விழுந்தது, அவரும் தரையில் கிடந்தார், கன்னத்தில் காயம், வலது கையைத் தூக்க முடியவில்லை. இணைய வீடியோவில் பார்ப்பது 1870களிலேயே நடந்துவிட்டது. அவர் மூன்று பருவங்களில் அந்தத் துப்பாக்கிகளால் 78 யானைகளைச் சுட்டார், ஆனால் அந்த உதை தன் நரம்புகளைக் கெடுத்துவிட்டது, பிற்காலத்தில் தன் குறியே அதனால் பழுதானது, அவற்றைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்று வருந்தினார். சுட்டுச் சாதித்தவரே சொன்ன வாக்குமூலம் என்பதால் இதற்கு நான் மிகவும் மதிப்புக் கொடுக்கிறேன்.

1889இல் பிரிட்டனில் கார்டைட் வந்தது, புகையில்லா மருந்து. ஆட்டமே மாறிவிட்டது. 1898இல் ஜான் ரிக்பி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸைக் கொண்டுவந்தார்: 31 கிராம் குண்டு, விநாடிக்கு 655 மீட்டர், ஏறக்குறைய 6,700 ஜூல். குண்டின் எடை நாலு போரில் கால்பங்குதான், ஆனால் மேலே தாமிரமோ நிக்கலோ போர்த்திய கெட்டிக் குண்டு, நசுங்காமல் நேராக உள்ளே போகும். துப்பாக்கி ஐந்து கிலோ. இரட்டைக் குழல், இரட்டை விசை, முதல் குண்டு போனதும் விரலைப் பின் விசைக்கு நகர்த்தினால் இரண்டாவது தயார். நாலு போர், எட்டு போர் எல்லாம் இருபது வருடத்தில் சுவரில் மாட்டும் பொருளாகிவிட்டன.

அப்புறம் ஒரு வினோதம் நடந்தது, அதற்கு இந்தியாதான் காரணம். ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியும் .450 குண்டைச் சுடும். கிளர்ச்சிக்காரர்கள் கையில் அந்தத் துப்பாக்கிகள் இருந்தன, வேட்டைத் தோட்டாவைப் பிரித்துக் குண்டை எடுத்து அதில் போட்டுவிடுவார்களோ என்று ஆங்கிலேய அரசுக்குப் பயம். 1907இல் .450ஐத் தனியார் இந்தியாவுக்குக் கொண்டுவரத் தடை வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்குப் பெரிய சந்தையே இந்தியாதான், லண்டன் கம்பெனிகள் விடுவார்களா? .465, .470, .475, .476 என்று ஆளுக்கு ஒன்றை இறக்கினார்கள். எல்லாம் ஒரே வேலை செய்பவை, பலமும் ஏறக்குறைய ஒன்றே, 6,700 முதல் 7,000 ஜூல். அதில் .470 மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் இரட்டைக்குழல் ரைஃபிள் வைத்திருக்கும் பெரிய விலங்கு வேட்டைக்காரர்களிடம் .470தான் பிரபலம். அது .450ஐவிடச் சிறந்தது என்பதால் இல்லை, ஒரு காலனி அரசின் போலீஸ் பயத்தால். எண்ணைப் பார்த்து ஒன்றைவிட மற்றது பெரிது என்று சண்டை போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ராணுவத் துப்பாக்கியின் குழல் அளவு என்றால் தனியாருக்குக் கிடையாது என்ற அந்தச் சிந்தனை இன்றும் நம் ஆயுதச் சட்டத்தில் "தடைசெய்யப்பட்ட போர்" என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. .303 தனியாருக்கு இல்லை, உரிமம் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது .315.

இப்போது நாயகனான .275க்கு வருவோம். அதை ஏந்தியவர் வால்டர் பெல், 1880இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், உகாண்டாவின் கரமோஜாப் பகுதியில் தந்தத்துக்காக வேட்டையாடியதால் "கரமோஜோ" பெல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அதில் ஏறக்குறைய 800 யானைகள் .275 ரிக்பியால், அதாவது வெறும் 7 மி.மீ. மவுசரால் விழுந்தவை. அந்தக் கொலைத் தொகையை நான் கொண்டாடவில்லை, யானைகளை அழித்த தந்த வியாபாரத்தில் அவர் ஒரு கருவி. ஆனால் துப்பாக்கி அறிவு என்று பார்த்தால் அவர் செய்தது பெரிய பாடம்.

ஒரு யானை மண்டையோட்டை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் மலை மாதிரித் தெரியும் அந்தத் தலையில் முன்பக்கம் பெரும்பகுதி தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த எலும்பு. தந்தத்தையும் தும்பிக்கையையும் தாங்கவே அவ்வளவு அகலம். மூளை ஐந்து கிலோ அளவில், தலையின் பின்பக்கத்தில், இரண்டு காதுத் துளைகளுக்கு நடுவே கீழே ஒதுங்கி இருக்கிறது. எந்தக் கோணத்தில் நின்று பார்த்தால் அது எங்கே இருக்கும் என்று மனத்தில் பதித்துக்கொண்டார். நடக்கும்போதெல்லாம் வெற்றுத் துப்பாக்கியை உயர்த்திக் குறி பார்த்துப் பழகிக்கொண்டே போவார். மூன்றரைக் கிலோவுக்கும் குறைவான துப்பாக்கி என்பதால் அது முடிந்தது. ஏழு கிலோ .600 நைட்ரோ யானைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இருநூறு முறை தோளில் தூக்கிப் பழக யாரால் ஆகும்?

அந்தச் சின்னக் குண்டு எப்படி யானைத் தலைக்குள் போயிற்று? .600 நைட்ரோ குண்டையும் 7 மி.மீ. குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். முதலாவது 58 கிராம், கட்டை விரல் நுனி மாதிரிக் குட்டையாக, உருண்டையாக இருக்கும். இரண்டாவது 11.2 கிராம், பருமன் பென்சில் அளவு, ஆனால் நீளம் பருமனைப்போல் நாலு மடங்குக்கும் மேல். மரத்தில் ஆணி அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தியலின் பலம் ஒன்றாக இருந்தாலும் மெல்லிய நீள ஆணி இறங்கும் அளவுக்குத் தடித்த கட்டை ஆணி இறங்காது. குண்டின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு எண் வரும், அதைக் குறுக்குவெட்டு அடர்த்தி என்பார்கள், ஆழம் போவதற்கு அதுதான் முக்கியமான ஒரு அளவு. பவுண்டும் அங்குலமுமாகக் கணக்கிட்டால் பெல்லின் 7 மி.மீ. குண்டுக்கு .306. யானைக்குப் போதும் என்று உலகமே ஒப்புக்கொள்ளும் .375 ஹாலந்து அண்ட் ஹாலந்தின் 19.4 கிராம் குண்டுக்கு .305. இரண்டும் ஒன்றுதான்! நாலு போர் ஈய உருண்டைக்கோ .226தான், அதுவும் எலும்பில் பட்டதும் தட்டையாகி இன்னும் குறையும். யானையின் நெற்றியில் நேராகச் சுட்ட கால் பவுண்டு ஈயம் மூளையை எட்டாமல் காற்றறைகளுக்குள்ளேயே நின்றுபோனது இதனால்தான்.

இதைப் படித்துவிட்டு 7 மி.மீ. போதும், பெரியதெல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெல் சுட்டது திறந்த புல்வெளியில், துப்பாக்கிச் சத்தமே கேட்டிராத, அவரைக் கவனிக்காமல் மேய்ந்துகொண்டிருந்த யானைகளை, தான் தேர்ந்தெடுத்த கோணத்தில், அவசரம் இல்லாமல். புதருக்குள் பதினைந்து மீட்டரில் யானை திரும்பிவிட்டால் நிலைமை வேறு. யானை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வந்தாலும் 30 மீட்டரை நாலரை விநாடிக்குள் கடந்துவிடும். தலையை ஆட்டிக்கொண்டு வரும், குறி இரண்டு அங்குலம் தப்பினால் மெல்லிய குண்டு மூளைக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டுவிட்டு வெளியேறும், யானை வந்துகொண்டேதான் இருக்கும். பெரிய குண்டு அதே இரண்டு அங்குலம் தப்பினாலும் அதிர்ச்சியில் யானையைச் சாய்த்துவிடும் அல்லது திருப்பிவிடும், அந்தச் சில நொடிகளில் இரண்டாவது குண்டைப் போடலாம். பெரிய காலிபர் வாங்கித் தருவது இந்த இரண்டு அங்குல மன்னிப்பைத்தான். அதற்குமேல் எதையும் அது வாங்கித் தராது.

இந்த அதிர்ச்சியை எண்ணாக்கப் பார்த்தவர் ஜான் டெய்லர், "போண்டோரோ" என்ற பட்டப்பெயர் உள்ள ஆப்பிரிக்க வேட்டைக்காரர். எடையையும் வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி 7,000ஆல் வகுப்பார். .375க்கு 40, .470க்கு 70க்குச் சற்று மேல், .600க்கு 150 என்று வரும். பெல்லின் மவுசருக்கு வெறும் 16. மூளை தப்பிய தலைக் குண்டு யானையை எவ்வளவு நேரம் மயக்கிப் போடும் என்று ஒப்பிட டெய்லர் வைத்துக்கொண்ட கணக்கு அது, அந்த வேலைக்கு அவருடைய அனுபவத்தோடு ஒத்தும் போனது. பின்னால் வந்தவர்கள் அதை எல்லாவற்றுக்கும் பொது அளவுகோலாக ஆக்கிவிட்டார்கள். எவ்வளவு தப்பு என்று காட்ட ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 160 கிராம் கிரிக்கெட் பந்தை ஒரு வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 144 கி.மீ.யில் வீசினால், டெய்லர் சூத்திரப்படி அதன் மதிப்பு ஏறக்குறைய 130 வருகிறது. .470ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! பந்து அகலமாக இருப்பதால் விட்டம் அதைத் தூக்கிவிடுகிறது. அந்தப் பந்தின் ஆற்றலோ 128 ஜூல்தான், .470இன் குண்டுக்கு ஏறக்குறைய 7,000.

அந்த 128 ஜூலுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. ஏழேகால் கிலோ .600 துப்பாக்கியின் உதையும் கிட்டத்தட்ட அதே 128 ஜூல்தான். அந்தப் பந்து மட்டையையும் கையையும் தாண்டி நேரே தோளில் வந்து மோதுவதாக நினைத்துப் பாருங்கள். எலும்பு உடையாமல் தப்பிப்பது துப்பாக்கி கனமாக, மெதுவாக, அகலமான கட்டையோடு தள்ளுவதால். ஆற்றல் ஒன்றுதான், வந்து சேரும் விதம்தான் வேறு. .375இன் உதை சுமார் 50 ஜூல், கொஞ்ச நாள் பயிற்சியில் பழகிவிடும். .577 டைரனோசர் 200ஐத் தாண்டுகிறது, துப்பாக்கியோ .600ஐவிட லேசானது. வீடியோவில் பறப்பதில் ஆச்சரியமே இல்லை.

உதையின் பெரிய தீங்கு தோளில் இல்லை, மனத்தில். என்.சி.சி. முகாமில் .22 சுட்டவர்களுக்கே தெரிந்திருக்கும், வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் கண் தானாக மூடும், தோள் முன்னால் தள்ளும், விசையை அழுத்த வேண்டிய விரல் பிடுங்கும். பெரிய துப்பாக்கியில் இது பல மடங்கு. பயிற்சி கொடுப்பவர்கள் சுடுபவருக்குத் தெரியாமல் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார்கள். "டிக்" என்று வெறும் சத்தம் மட்டும் வரும், ஆனால் குழல் முனை கீழே குத்திக்கொள்ளும். உதை இல்லாமலே உதைக்குப் பயந்த கை அது. முனை ஒரு டிகிரி இறங்கினால் 30 மீட்டரில் குண்டு அரை மீட்டருக்கு மேல் விலகிப் போகும். பெரிய குண்டு வாங்கித் தந்த இரண்டு அங்குல மன்னிப்பை அந்த ஒரு டிகிரி பத்து மடங்காகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. செலூ சொன்ன நரம்புக் கோளாறு இதுதான்.

கைத்துப்பாக்கிக் கதையும் இதேதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1955இல் .44 மேக்னம் வந்தபோது அதுவே உச்சம் என்றார்கள், 1,400 ஜூல் அளவு. 2003இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .500 மேக்னத்தை இறக்கியது, தோட்டாவைப் பொறுத்து 3,500 ஜூல் பக்கத்தில் வரும். ஐந்து தோட்டா, நீளக் குழல் உள்ளது இரண்டு கிலோ. இவ்வளவும் செய்து எட்டியது என்ன? ஒரு சாதாரண .308 ரைஃபிளின் ஆற்றலை. உதையோ .375 யானைத் துப்பாக்கிக்கு மேல், அதையும் தோளில் இல்லை, மணிக்கட்டில் வாங்க வேண்டும். அலாஸ்காவில் மீன் பிடிக்கப் போகிறவர் கரடிக்குப் பயந்து இடுப்பில் வைத்துக்கொள்வது எனக்குப் புரிகிறது, இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது ரைஃபிளைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்கு மேல் அதற்கு நியாயம் தேடுவது கடினம்.

காகிதத்தில் இருக்கும் பலமும் காட்டில் கிடைக்கும் பலமும் வேறு என்பதற்கு .458 வின்செஸ்டர் நல்ல சாட்சி. 1956இல் வந்தது. .470இன் பலத்தைச் சின்னத் தோட்டாவில், கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் மலிவான ரைஃபிளில் தருவோம் என்றார்கள், நல்ல நோக்கம்தான். பித்தளைக் கூட்டில் இடம் போதாததால் மருந்தை நெருக்கி அமுக்கி அடைத்தார்கள். ஆப்பிரிக்க வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த தோட்டாக்களில் மருந்து கட்டியாகி, சரியாக எரியாமல், வேகம் குறைந்து போனது. ஜாக் லாட் என்ற அமெரிக்கர் 1959இல் மொசாம்பிக்கில் ஒரு காட்டெருமையிடம் முட்டு வாங்கித் தப்பியவர், .458 போதவில்லை என்ற முடிவுக்கு வந்து, கூட்டைக் கொஞ்சம் நீட்டி 1971இல் .458 லாட்டைச் செய்தார். விட்டம் அதே, பெயரில் எண் அதே, உள்ளே மருந்துக்கு மூச்சுவிட இடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு அனுபவசாலிகள் எங்கே வந்து நின்றார்கள்? 1912இல் வந்த .375 ஹாலந்து அண்ட் ஹாலந்தில்தான். 5,800 ஜூல், நாலு கிலோ ரைஃபிள், மான் முதல் யானை வரை ஒரே துப்பாக்கி. ஆப்பிரிக்காவில் பல நாடுகள் அபாயகரமான விலங்குகளுக்குக் குறைந்தபட்ச அளவு என்று வைத்திருப்பதும் .375ஐத்தான் அல்லது அதை ஒட்டிய ஒன்றை. பெல் இன்று உயிரோடு வந்தால் அவருடைய 7 மி.மீ.யோடு யானைப் பக்கம் போகச் சட்டம் விடாது, அது சரிதான். சட்டம் பெல்லுக்காக எழுதப்படுவதில்லை, கை நடுங்கும் சாதாரண ஆளுக்காக எழுதப்படுகிறது. மறுபக்கம் 1988இல் ஹாலந்து ஒரு பணக்கார வாடிக்கையாளருக்காகத் தொடங்கிய .700 இருக்கிறது, 65 கிராம் குண்டு, 12,000 ஜூல், எட்டரைக் கிலோ. .950 ஜேடிஜே இருக்கிறது, மூன்றே மூன்று செய்தார்கள், எடை ஒரு ஆளின் எடையை நெருங்குகிறது, மேசையில் வைத்துத்தான் சுட முடியும். கைவேலைப்பாட்டை ரசிக்கலாம், மதிக்கலாம். காட்டுக்கு அவை வருவதில்லை.

எதைச் சுடுகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926இல் ஜிம் கார்பெட் வீழ்த்தியது இதே .275 ரிக்பியால்தான். ஜவளகிரிப் பக்கக் காடுகளில் அலைந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். புலிக்கும் சிறுத்தைக்கும் தடித்த எலும்புக் கோட்டை கிடையாது, அதனால் .470 அங்கே தேவைப்படவே இல்லை. நம் நாட்டில் இன்று வேட்டையே சட்ட விரோதம், அதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

பெரிய காலிபர் இன்று உண்மையில் வாழ்வது ராணுவத்தில், அதுவும் நம் திருச்சியில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை செய்யும் "வித்வன்சக்" ரைஃபிள், ஆளைச் சுடுவதற்கு இல்லை, பதுங்குகுழி, இலகு கவச வண்டி, ரேடார், நிறுத்தி வைத்த விமானம் போன்றவற்றைச் சிதைப்பதற்கு. ஒரே உடல், மூன்று குழல்: 12.7 மி.மீ., 14.5 மி.மீ., 20 மி.மீ. தேவைப்பட்டதை மாற்றிக்கொள்ளலாம். 20 மி.மீ.தான் பெரியது, ஆகவே அதுதான் அதிக தூரம் போகும், அதிக பலம் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. 14.5இன் குண்டு 64 கிராம், விநாடிக்கு 1,000 மீட்டர் பக்கத்தில் போகிறது, 32,000 ஜூல். 20இன் குண்டு 110 கிராம், ஆனால் அதன் கூடு குட்டை, வேகம் 720 மீட்டர்தான், 28,000 ஜூல் அளவில் நின்றுவிடுகிறது. 12.7 சுமார் 1,800 மீட்டர் வரை எட்டும்போது 20க்கு 1,300தான். அப்படியானால் 20 எதற்கு? அதன் தடித்த உடலுக்குள் வெடிமருந்தும் தீப்பற்றும் மருந்தும் வைக்க இடம் இருக்கிறது, மோதிய இடத்தில் வெடிக்கும். பேக்கர் "குழந்தை"க்குள் அடைத்ததும் வெடிமருந்தைத்தான். இந்தத் துப்பாக்கி 25 கிலோ, பிரித்து இரண்டு பேர் சுமந்து போகிறார்கள், இருகால் தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடுகிறார்கள், குழல் முனையில் உதையைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. சுட்ட பிறகு துப்பாக்கி அதே இடத்தில் இருக்கிறது, சுட்டவரும் அதே இடத்தில் இருக்கிறார், அடுத்த தோட்டா உள்ளே போகிறது.